தோற்றவருக்கும் ஒரு புள்ளி

தொழில்முறை ஐஸ் ஹாக்கி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. பனித்தளத்தின் மேல் நடப்பதை மட்டும் பார்த்தால், இத்தனை வேகமும் இத்தனை நுட்பமும் ஒருசேர அமைந்த காலம் இந்த விளையாட்டின் வரலாற்றில் முன்பு இருந்ததில்லை என்றே சொல்வேன். அந்த ஆட்டத்துக்குப் புள்ளி கொடுத்து, பட்டியல் போட்டு, விலைவைத்து விற்கிற என்.எச்.எல். (அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் தேசிய ஹாக்கி லீக்) நிர்வாகத்தைப் பார்த்தால், தன் கையில் இருக்கும் பொருளின் மதிப்பை அது இன்னும் நம்பவில்லை என்று தோன்றுகிறது. நல்ல ஆட்டம் தன் பலத்திலேயே ரசிகனைக் கட்டிப்போடும் என்ற துணிவு அவர்களுக்கு இல்லை. ஆகவே எல்லா அணிகளும் எப்போதும் ஏறக்குறையச் சமமாக இருப்பதுபோல் காட்டுவதற்காக விதிகளை வளைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்த லீகைப் பார்த்துவரும் ஒரு ரசிகனாக, என் மனக்குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. 2003-04 சீசனில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக ஐந்து கோல்களைச் சற்றே தாண்டியிருந்தன. எதிராளியின் இடுப்பில் மட்டையை மாட்டி இழுப்பதும், கையால் பற்றி நிறுத்துவதும், நடுத்தளத்தில் ஐந்து பேரும் வேலி போட்டு நிற்பதும் தற்காப்புக் கலையாகக் கொண்டாடப்பட்ட காலம் அது. அடுத்த சீசன், சம்பளத் தகராறில் உரிமையாளர்கள் செய்த கதவடைப்பால் முழுவதுமாக அழிந்துபோனது. அதன்பின் 2005-இல் ஆட்டம் திரும்பிவந்தபோது, நடுக்கோட்டைத் தாண்டி நீண்ட பாஸ் கொடுக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது, பற்றி இழுப்பவர்களை நடுவர்கள் தயங்காமல் பெனால்டி பெட்டிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அதன் பலன் முழுமையாகத் தெரியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அந்த விதிகளின் கீழேயே சறுக்கக் கற்று வளர்ந்த தலைமுறை லீகுக்குள் நுழைந்த பிறகுதான், இன்று நாம் பார்க்கும் ஆட்டம் உருவானது. இப்போது சராசரி ஆறு கோல்களைத் தாண்டி நிற்கிறது.

கானர் மெக்டேவிட் 2022-23 சீசனில் 153 புள்ளிகள் (கோல்களும், கோலுக்கு வழிவகுத்த பாஸ்களான அசிஸ்டுகளும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். அதற்கடுத்த சீசனில் அவரும் நிகிட்டா குச்செரோவும் ஆளுக்கு 100 அசிஸ்டுகள் எடுத்தார்கள். அதே சீசனில் ஆஸ்டன் மேத்யூஸ் 69 கோல்கள் அடித்தார். எண்களைவிட என்னைக் கவர்ந்தது தற்காப்பு வீரர்களின் மாற்றம். கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தள்ளிவிடுவதற்காகவே ஒரு காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இடத்தில், இன்று கேல் மக்கார், குவின் ஹியூஸ் போன்றவர்கள் ஆட்டத்தையே தொடங்கிவைத்து நடத்துகிறார்கள். மக்கார் 2024-25-இல் 30 கோல்கள் அடித்தார். 2008-09-இல் மைக் கிரீனுக்குப் பிறகு எந்தத் தற்காப்பு வீரரும் எட்டாத எண் அது. நீலக்கோட்டின் மேல் பக்கவாட்டில் சறுக்கியபடியே தன்னைத் தடுக்க வருபவனின் எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்புறமாக அவர் திரும்பும் அந்த ஒரு நொடியை மெதுவான மறுஒளிபரப்பில் பார்த்தால்தான் என்ன நடந்தது என்றே புரிகிறது.

ரஷ்ய வீரர் அலெக்ஸாண்டர் ஒவெச்கினின் கதை ஹாக்கி ரசிகர்கள் அனைவருக்கும் தெரிந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராகத் தன் 895-ஆவது கோலை அடித்து, வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 என்ற எண்ணைத் தாண்டினார். கோல்கள் மலிந்து கிடந்த 1980-களில் பெரும்பகுதியை எடுத்த கிரெட்ஸ்கியின் எண்ணை, மேலே சொன்ன அந்த வறண்ட காலத்துக்குப் பின் லீகுக்குள் வந்த ஒருவர் தாண்டினார் என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒவெச்கினின் அரசியலைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இடப்பக்க வட்டத்திலிருந்து அவர் அடிக்கும் அந்த ஒரே ஷாட்டை இருபது ஆண்டுகளாக எல்லோரும் அறிந்திருந்தும் தடுக்க முடியவில்லை என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு லீக் கொடுக்கும் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். வழக்கமான அறுபது நிமிடத்துக்குள் முடிவு தெரிந்தால் வென்றவருக்கு இரண்டு புள்ளிகள், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. அறுபது நிமிடத்தில் சமநிலை என்றால், அதன்பின் கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ (ஒவ்வொரு வீரராகக் கோல்காப்பாளரை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறை) வெல்பவருக்கு அதே இரண்டு புள்ளிகள், தோற்பவருக்கு ஒரு புள்ளி. அதாவது, சில ஆட்டங்களில் இரண்டு புள்ளிகள் பங்கிடப்படுகின்றன, சில ஆட்டங்களில் மூன்று. தோற்றவருக்கான அந்தப் புள்ளி 1999-2000 சீசனில் வந்தது. கூடுதல் நேரத்தில் தோற்றுவிடுவோமோ என்று அஞ்சி அணிகள் சமநிலைக்காக முடங்கிக் கிடந்ததால், அந்த அச்சத்தை நீக்கவே அது கொண்டுவரப்பட்டது. அப்போது சமநிலை முடிவு என்ற ஒன்று இருந்தது, ஆகவே அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயமும் இருந்தது. 2005-இல் ஷூட்அவுட் வந்து சமநிலை முடிவே ஒழிந்தபின் அந்தப் புள்ளிக்கு வேலையில்லை. ஆனால் அது போகவில்லை.

இதன் விளைவு என்ன என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் சொல்கிறேன். ஓர் அணி 82 ஆட்டங்களில் 41-ஐ வென்று 41-ஐ வழக்கமான நேரத்திலேயே தோற்றால் அதற்கு 82 புள்ளிகள். இன்னோர் அணி 35 ஆட்டங்களை வென்று, 30-ஐ வழக்கமான நேரத்தில் தோற்று, 17-ஐக் கூடுதல் நேரத்துக்குப் பிறகு தோற்றால் அதற்கு 87 புள்ளிகள். இரண்டாவது அணி மொத்தம் 47 ஆட்டங்களில் தோற்றிருக்கிறது. வெற்றிகளிலும் ஆறு குறைவு. ஆனாலும் பட்டியலில் மேலே நிற்கும். பாதிக்கும் குறைவான ஆட்டங்களில் வென்ற அணிகள்கூடத் தங்களைப் பாதிக்கு மேற்பட்ட அணிகளாக அறிவித்துக்கொள்ள இந்தக் கணக்கு இடம் கொடுக்கிறது. மார்ச் மாதத்தில் ஒன்பது அணிகள் இன்னும் போட்டியில் இருக்கின்றன என்று தொலைக்காட்சியில் காட்டும்போது, அந்த நெருக்கத்தில் எவ்வளவு திறமையால் வந்தது, எவ்வளவு கணக்கால் வந்தது என்று எனக்கு ஐயம் வராமல் இருப்பதில்லை. இன்னொரு பக்கம் பார்த்தால், கீழே கிடக்கும் அணி மேலேறி வருவதையும் இதே கணக்குத்தான் தடுக்கிறது: நீங்கள் வென்ற இரவில் உங்கள் போட்டியாளர்களும் தோற்றுக்கொண்டே ஒரு புள்ளியை எடுத்துச் செல்கிறார்கள்.

ஆட்டத்துக்குள்ளும் இது ஊடுருவுகிறது. மூன்றாம் பீரியடில் கடைசி ஏழெட்டு நிமிடங்கள் இருக்கையில் 2-2 என்று நின்றால், இரு பயிற்சியாளர்களும் மணியடிக்கும் வரை பொறுத்திருந்து ஆளுக்கொரு புள்ளியைப் பத்திரப்படுத்திக்கொள்ளவே விரும்புகிறார்கள். வேறு கான்ஃபரன்ஸைச் (லீகின் மற்றப் பாதியைச்) சேர்ந்த அணி எதிரே இருந்தால் அந்தப் புள்ளியை விட்டுக்கொடுப்பதில் இழப்பே இல்லை. மிக விறுவிறுப்பாக இருக்கவேண்டிய நேரம் பேசிவைத்த அமைதிபோல் கழிகிறது. அதற்குப் பின் வரும் மூவருக்கு மூவர் கூடுதல் நேரம், 2015-இல் அறிமுகமானபோது, மூச்சுவிடாமல் பார்க்கவைத்தது. பயிற்சியாளர்கள் எதையும் நீண்ட நாள் அப்படியே விட்டுவைப்பதில்லை. இப்போது பக்கைத் (ஆட்டத்தின் ரப்பர் வட்டைத்) தன்னிடம் வைத்திருக்கும் அணி, தாக்குவதற்கு வாய்ப்பான கோணம் கிடைக்கும் வரை அதைத் தன் எல்லைக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதிகம்.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்படவேண்டியதும் அல்ல. வழக்கமான நேரத்தில் வென்றால் மூன்று, கூடுதல் நேரத்தில் வென்றால் இரண்டு, கூடுதல் நேரத்தில் தோற்றால் ஒன்று என்ற முறை உலகச் சாம்பியன்ஷிப்பிலும் ஒலிம்பிக்கிலும் ஐரோப்பாவின் பல லீகுகளிலும் உள்ளது. எனக்கு வியப்பே அளித்தது, 2025 பிப்ரவரியில் இதே என்.எச்.எல். வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து நடத்திய ஃபோர் நேஷன்ஸ் ஃபேஸ்-ஆஃப் போட்டியிலும் அந்த மூன்று புள்ளி முறையையே பயன்படுத்தியதுதான். பிளே-ஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) தொடங்கிவிட்டால் இதே லீக் ஷூட்அவுட்டையும் மூவர் ஆட்டத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, ஐந்து பேருக்கு ஐந்து பேர், யாராவது கோல் அடிக்கும் வரை இருபது இருபது நிமிடமாக ஆடவைக்கிறது. எது நேர்மையான முறை என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிளே-ஆஃப் அட்டவணையும் இதே மனநிலையின் பிள்ளைதான். 2013-14 முதல், ஒவ்வொரு டிவிஷனிலும் (கான்ஃபரன்ஸுக்குள் இருக்கும் பிரிவு) முதல் மூன்று அணிகளும், கான்ஃபரன்ஸுக்கு இரண்டு வைல்ட் கார்டு அணிகளும் (மீதியில் அதிகப் புள்ளி பெற்றவை) செல்கின்றன. டிவிஷனின் இரண்டாம் அணியும் மூன்றாம் அணியும் முதல் சுற்றிலேயே மோதவேண்டும். பகையை வளர்ப்பதற்காக என்று சொல்லப்பட்டது. நடந்தது என்னவென்றால், எட்மன்டனும் லாஸ் ஏஞ்சலஸும் 2022 தொடங்கி 2025 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதல் சுற்றில் மோதின, நான்கிலும் எட்மன்டனே வென்றது. நான்காம் முறை அதைப் பார்ப்பவனுக்குப் பகை உணர்வு வராது, சலிப்புத்தான் வரும். 2025-இல் டல்லாஸும் கொலராடோவும் மத்திய டிவிஷனில் இருந்த ஒரே காரணத்தால் முதல் சுற்றிலேயே எதிர்கொண்டன. அந்தத் தொடரை நான் குறைசொல்லமாட்டேன்: கொலராடோவிலிருந்து அந்த ஆண்டு ஜனவரியில் மாற்றி அனுப்பப்பட்டு, இடையில் கரோலினாவில் சில வாரம் ஆடி, மார்ச்சில் டல்லாஸுக்கு வந்துசேர்ந்த மிக்கோ ராண்டனென், ஏழாம் ஆட்டத்தில் தன் அணி 0-2 என்று பின்தங்கியிருக்கையில், மூன்றாம் பீரியடில் மட்டும் மூன்று கோல்கள் அடித்துத் தன் பழைய அணியை வீட்டுக்கு அனுப்பினார். அது கான்ஃபரன்ஸ் இறுதியில் நடந்திருக்கவேண்டியது. மே மாதத்தின் மூன்றாம் நாளிலேயே அதைச் செலவழித்துவிட்டார்கள்.

ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பைப் பற்றிப் பேசாமல் இந்த லீகைப் பற்றிப் பேசமுடியாது. ஒரு முழு சீசனைப் பலிகொடுத்து, 2005-இல் உரிமையாளர்கள் அதைப் பெற்றார்கள். முதலாண்டில் அணி ஒன்றுக்கு 3.9 கோடி டாலர். கேரி பெட்மன் 1993 பிப்ரவரியில் ஆணையராகப் பொறுப்பேற்றதிலிருந்து 1994, 2004, 2012 என மூன்று முறை கதவடைப்பு நடந்திருக்கிறது. இரண்டு சீசன்கள் 48 ஆட்டங்களாகச் சுருங்கின, ஒன்று இல்லாமலேயே போனது. வட அமெரிக்காவின் பெரிய லீகுகளில் ஒரு முழு சீசனையே தொழில் தகராறுக்கு இழந்தது இது ஒன்றுதான். உச்சவரம்பு கொள்கையளவில் எனக்கு உடன்பாடானது. பணமுள்ள ஐந்தாறு நகரங்கள் கோப்பையைத் தங்களுக்குள் சுற்றவிடும் நிலையை அது தடுத்திருக்கிறது. ஆனால் பெருந்தொற்றுக்குப் பின் 8.15 கோடியிலேயே ஆண்டுக்கணக்கில் உறைந்து கிடந்து, 2024-25-இல் 8.8 கோடியாகவும் 2025-26-இல் 9.55 கோடியாகவும் ஏறி, 2026-27-இல் 10.4 கோடியையும் அதற்கடுத்து 11.35 கோடியையும் தொடும் என்று அறிவிக்கப்பட்டிருக்கும் இந்த வரம்பு, நல்ல அணிகளைக் கலைப்பதற்கான கருவியாகவே நெடுங்காலம் செயல்பட்டது. டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) எடுத்து வளர்த்த வீரர்களைச் சேர்த்துவைத்துக்கொள்ளும் அணிக்கு எந்தச் சலுகையும் இல்லை. கோப்பை வென்ற ஆண்டிலேயே மூன்றாம் வரிசை வீரர்களை இழக்கத் தயாராக வேண்டும்.

வரம்பு இறுக்கமாக இருந்தால் அதைச் சுற்றிப்போக வழி தேடுவார்கள். நீண்டகாலக் காயப் பட்டியலில் இருப்பவரின் சம்பளத்துக்கு ஈடாக வரம்பைத் தாண்டிச் செலவிடலாம். 2025 வரை பிளே-ஆஃபில் வரம்பே இருக்கவில்லை. 2020-21-இல் குச்செரோவ் வழக்கமான சீசன் முழுவதையும் இடுப்பு அறுவைக்காகத் தவறவிட்டு, பிளே-ஆஃபின் முதல் நாள் திரும்பி வந்து, அந்தப் பிளே-ஆஃபில் எல்லோரையும்விட அதிகப் புள்ளிகள் எடுத்தார், டாம்பா பே கோப்பை வென்றது, வரம்பைவிட 1.8 கோடி அதிகம் என்று எழுதிய சட்டையோடு அவர் வெற்றி விழாவில் வலம்வந்தார். 2023-இல் வேகஸின் மார்க் ஸ்டோன் அதே போல் திரும்பி, கோப்பையை உறுதிசெய்த ஆட்டத்தில் ஹாட்ரிக் எடுத்தார். 2025-இல் ஃப்ளோரிடாவின் மேத்யூ கச்சக். இவர்கள் யாருடைய காயமும் பொய் என்று நான் சொல்லவில்லை; விதியின்படியே எல்லாம் நடந்தது. ஆனால் ஆறு மாதம் ஒரு சட்டம், கோப்பைக்கான இரண்டு மாதம் வேறு சட்டம் என்றிருந்ததைச் சரிசெய்ய லீகுக்கு இவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கவேண்டியதில்லை. பிளே-ஆஃபில் களமிறங்கும் அணிக்கும் வரம்பு உண்டு என்று 2025-இல் எட்டப்பட்ட ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது சரியான முடிவு.

வரி விவகாரம் இதைவிடச் சிக்கலானது. 2020 முதல் 2025 வரை கோப்பை வென்றவை டாம்பா பே, டாம்பா பே, கொலராடோ, வேகஸ், ஃப்ளோரிடா, ஃப்ளோரிடா. இவற்றில் கொலராடோவைத் தவிர மற்றவை மாநில வருமான வரி இல்லாத இடங்கள். ஒரே சம்பளம் கையில் கூடுதலாகத் தங்கும் இடத்துக்குக் குறைந்த தொகைக்கே வீரர் ஒப்புக்கொள்வார் என்பதில் புதிர் ஏதும் இல்லை. அதேசமயம், இந்த அணிகளில் சில, அந்த வரிச்சலுகையோடு பல ஆண்டுகள் அடித்தட்டிலேயே கிடந்தவை என்பதையும் மறக்கக்கூடாது. ஃப்ளோரிடா 1996-க்குப் பின் 2022 வரை ஒரு பிளே-ஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. வரி ஒரு காரணம். நல்ல மேலாளர் அதைவிடப் பெரிய காரணம்.

கனடா ரசிகர்களின் துயரத்தையும் இங்கேதான் சொல்லவேண்டும். 1993-இல் மான்ட்ரியால் வென்றதே ஒரு கனடிய அணி பெற்ற கடைசி ஸ்டான்லி கோப்பை. அதன்பின் வான்கூவர் இரண்டு முறை, எட்மன்டன் மூன்று முறை, கால்கரி, ஒட்டாவா, மான்ட்ரியால் தலா ஒரு முறை என எட்டு இறுதித் தொடர்களில் தோற்றிருக்கின்றன. 2024 இறுதியில் எட்மன்டன் முதல் மூன்று ஆட்டங்களை இழந்து, அடுத்த மூன்றை வென்று, ஏழாவதில் ஒரு கோலில் தோற்றது. தோற்ற அணியில் இருந்தும் மெக்டேவிட்டுக்கே பிளே-ஆஃபின் சிறந்த வீரர் விருது கொடுக்கப்பட்டது, அதை வாங்க அவர் பனித்தளத்துக்கு வரவில்லை. டொரன்டோ 1967-க்குப் பின் இறுதித் தொடரையே எட்டவில்லை. இதை யாருடைய சதி என்றும் நான் நம்பவில்லை. 32 அணிகளில் ஏழு மட்டுமே கனடாவில் இருக்க, நெடும் வறட்சிக்குக் கணக்கே போதுமான இடம் கொடுக்கிறது. மெக்டேவிட் 2025 அக்டோபரில் ஆண்டுக்கு 1.25 கோடி டாலருக்கு இரண்டே ஆண்டுகள் கையெழுத்திட்டதைத்தான் எட்மன்டன் ரசிகர்கள் கவலையோடு படித்திருப்பார்கள். சில நாட்களுக்கு முன் மினசோட்டாவில் கிரில் கப்ரிசோவ் எட்டு ஆண்டுகளுக்கு 13.6 கோடி வாங்கியிருந்த நிலையில், மெக்டேவிட் தன் விலையைவிட மிகக் குறைத்துக் கேட்டிருக்கிறார். அதற்கு ஈடாக நல்ல அணியை உடனே கட்டிக்கொடுங்கள் என்று கெடு வைத்திருக்கிறார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

விரிவாக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகஸ் நுழைவுக் கட்டணமாக 50 கோடி டாலர் கொடுத்தது, சியாட்டில் 65 கோடி கொடுத்தது. இந்தத் தொகை வீரர்களுடன் பங்கிடப்படாமல் மற்ற உரிமையாளர்களுக்கே போய்ச்சேர்கிறது என்பதால், இன்னும் இரண்டு அணிகள் வேண்டும் என்ற பேச்சு ஓய்வதே இல்லை. வேகஸ் முதல் சீசனிலேயே இறுதிக்குச் சென்று, பாலைவனத்தில் ஹாக்கி எடுபடாது என்றவர்களின் வாயை அடைத்தது. அரிசோனா அதற்கு நேரெதிர்: 1996-இல் வின்னிபெக்கிலிருந்து போன அந்த அணி, திவாலாகி, லீகின் கையிலேயே சில ஆண்டுகள் இருந்து, கடைசியில் ஐயாயிரம் பேர்கூட உட்காரமுடியாத ஒரு பல்கலைக்கழக அரங்கில் இரண்டு சீசன்கள் ஆடி, 2024-இல் சால்ட் லேக் சிட்டிக்கு இடம்பெயர்ந்தது. கியூபெக் நகரம் 1995-இல் இழந்த அணிக்காக இன்னும் காத்திருக்கிறது. இரண்டு அணிகளை இழந்த அட்லான்டாவுக்கு மூன்றாவது கொடுக்கலாமா என்றே பேசுகிறார்கள். தொலைக்காட்சிச் சந்தையின் அளவு முடிவெடுக்கிறது, வேறொன்றுமில்லை.

சட்டையில் விளம்பரம், ஹெல்மெட்டில் விளம்பரம், பலகைகளில் கணினி வழியாக அசையும் விளம்பரம் எல்லாம் பழகிவிட்டன. பலகை விளம்பரங்கள் மட்டும், பக் ஓரத்தில் போகையில் சில நேரம் அதை விழுங்கிவிடுவதால், இன்னும் எரிச்சல் தருகின்றன. 2026-27 முதல் 84 ஆட்டங்கள் என்று நீட்டியிருப்பதற்கும் எனக்கு ஒப்புதல் இல்லை. முன்சீசன் ஆட்டங்களைக் குறைத்தோம் என்கிறார்கள், ஆனால் பாதி வேகத்தில் ஆடப்படும் பயிற்சி ஆட்டமும் அடிபடும் ஆட்டமும் ஒன்றல்ல.

அடிபடுவதைப் பற்றிய என் கருத்து கலவையானது. கைகலப்பு மிகவும் குறைந்துவிட்டது. 1980-களில் ஏறக்குறைய ஆட்டத்துக்கு ஒன்று என்றிருந்தது, இன்று பல ஆட்டங்களுக்கு ஒன்று என்றாகிவிட்டது. சண்டையிடுவதற்கென்றே அணியில் வைக்கப்பட்ட வீரர் என்ற இனமே மறைந்துகொண்டிருக்கிறது, நான் அதற்காக வருந்தவில்லை. டெரெக் பூகார்ட் 2011-இல் 28 வயதில் இறந்தபின் அவர் மூளையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நோய் கண்டறியப்பட்டது. பாப் ப்ரோபெர்ட், ஸ்டீவ் மான்டடோர் ஆகியோரின் மூளைகளிலும் அதுவே கண்டறியப்பட்டது. ஓய்வுபெற்ற முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் தொடுத்த வழக்கு 2018-இல் 1.89 கோடி டாலருக்கு முடிக்கப்பட்டது. லீக் பொறுப்பை ஏற்கவில்லை, தொடர்பு நிறுவப்படவில்லை என்ற தன் நிலையையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் 2025 பிப்ரவரியில் மான்ட்ரியாலில் அமெரிக்காவும் கனடாவும் மோதியபோது முதல் ஒன்பது நொடிகளில் மூன்று சண்டைகள் நடந்தன; ஹாக்கியே பார்க்காதவர்கள்கூட அந்தக் காணொளியைப் பகிர்ந்தார்கள், நானும் எழுந்து நின்றுதான் பார்த்தேன்.

பாதுகாப்பு விதிகளில் லீக் கையாளும் ஒரு பழைய வழக்கம் உண்டு: புதிதாக வருபவருக்குக் கட்டாயம், ஏற்கெனவே இருப்பவருக்கு விருப்பம். 1979-இல் ஹெல்மெட் அப்படித்தான் வந்தது. ஹெல்மெட் இல்லாமல் ஆடிய கடைசி வீரரான கிரேக் மெக்டாவிஷ் 1997-இல்தான் ஓய்வுபெற்றார். 2013-இல் முகக் கண்ணாடி அப்படியே வந்தது. 2023 அக்டோபரில் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில், முன்னாள் பிட்ஸ்பர்க் வீரர் ஆடம் ஜான்சன் சறுக்குக் கத்தி கழுத்தை அறுத்து உயிரிழந்தார். பிரிட்டன் லீக் சில மாதங்களுக்குள் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. என்.எச்.எல். அதை 2026-27 முதல், அதுவும் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடியிராதவர்களுக்கு மட்டும், கட்டாயமாக்குகிறது. வீரர்கள் சங்கமும் இந்தத் தாமதத்தில் பங்குடையது என்பதால் நிர்வாகத்தை மட்டும் சாடுவது நியாயமில்லை. ஹெல்மெட்டின் கணக்கே இதற்கும் பொருந்துமானால் 2040-களின் நடுவில்தான் எல்லாக் கழுத்துகளும் மூடப்பட்டிருக்கும்.

இந்தத் தயக்கங்கள் எதுவும் இல்லாமல் ஒரு லீகை நடத்தமுடியும் என்பதற்கு என் கண்முன் இருக்கும் சான்று, 2024 ஜனவரி 1 அன்று ஆறு அணிகளோடு தொடங்கிய பெண்கள் லீகான பி.டபிள்யூ.எச்.எல். அதற்குமுன் பெண்கள் ஹாக்கியில் லீகுகள் தோன்றி, ஒன்றோடொன்று மோதி, 2019-இல் ஒன்றும் 2023-இல் ஒன்றுமாக மறைந்த வரலாறு வேதனையானது. புதிய லீக் வெற்றிடத்திலிருந்து தொடங்கியதால், பழைய வழக்கங்களுக்குக் கட்டுப்படவேண்டிய அவசியம் அதற்கு இல்லாமல் போனது. மூன்று, இரண்டு, ஒன்று என்ற புள்ளிமுறையை முதல் நாளிலிருந்தே வைத்தார்கள். ஆள்குறைவோடு ஆடும் அணி கோல் அடித்துவிட்டால் அந்தப் பெனால்டியே அத்தோடு முடிந்துவிடும் என்று ஒரு விதி செய்தார்கள். இதனால் ஆள் குறைந்த அணி தன் எல்லைக்குள் ஒடுங்கி நிற்காமல் எதிர்த்துத் தாக்குகிறது, பவர் பிளேயில், அதாவது ஆள் கூடுதலாக, இருக்கும் அணியும் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது. பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்த அணிகள், அதற்குப் பின் எத்தனை புள்ளிகள் எடுக்கின்றனவோ அதைக்கொண்டே டிராஃப்டில் முதலிடம் தீர்மானிக்கப்படுகிறது. வேண்டுமென்றே தோற்று முதல் வீரரைப் பிடிக்கும் தந்திரத்தை என்.எச்.எல். 1995 முதல் குலுக்கல் முறையால் தடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பி, வெல்வதற்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

ஆட்டமும் அந்த விதிகளுக்கு நியாயம் செய்கிறது. 2024 ஏப்ரலில் மான்ட்ரியாலின் பெல் சென்டரில் 21,105 பேர் அமர்ந்து பார்த்தார்கள். 2025 இறுதித் தொடரில் மினசோட்டாவும் ஒட்டாவாவும் ஆடிய நான்கு ஆட்டங்களும் கூடுதல் நேரத்தில் 2-1 என்றே முடிந்தன; அந்த நெருக்கத்தை எந்தப் புள்ளிக் கணக்கும் செய்துகொடுக்கவில்லை. குறைகளும் உண்டு. முதல் சீசனில் குறைந்தபட்ச ஊதியம் 35,000 டாலர். அந்த ஊதியத்தில் ஒரு வீராங்கனை வேறு வேலை பார்க்காமல் வாழ்வது கடினம். எல்லா அணிகளும் மார்க் வால்டர் தலைமையிலான ஒரே உரிமையாளர் குழுவிடம் இருக்கின்றன. அது தொடக்கத்தில் பலம், பின்னால் எப்படியோ. மூன்றாம் சீசனுக்குள் சியாட்டிலும் வான்கூவரும் சேர்ந்து எட்டு அணிகளாகிவிட்டன; புதிய அணிகளுக்காகப் பழைய அணிகள் தங்கள் சிறந்த வீராங்கனைகளை விட்டுக்கொடுக்க நேர்ந்ததில், இரண்டு ஆண்டுகளாக மெல்ல உருவான ரசிகப் பற்று சற்றே ஆட்டம் கண்டது.

இந்த லீக் வளர வளர, தனி உரிமையாளர்களும் பெரிய தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் வருவார்கள், வரவும் வேண்டும். கனடாவில் என்.எச்.எல். ஒளிபரப்புக்கு ரோஜர்ஸ் நிறுவனம் 2026-27 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 1,100 கோடி கனடிய டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது; அதில் ஒரு சிறு பங்கு கிடைத்தாலே பெண்கள் லீகின் ஊதியக் கவலை தீரும். அப்படி வருபவர்களில் யாராவது ஒருவர், பட்டியல் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தால் சீசன் கடைசிவரை விற்பனையாகுமே, வென்றவருக்கு மூன்று என்பதை இரண்டாக்கினால் என்ன என்று கூட்டத்தில் கேட்பார். அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லப்போகும் பதிலைத் தெரிந்துகொள்ள, என்.எச்.எல். வரம்பு எத்தனை கோடியாகும் என்பதைவிட எனக்கு ஆவல் அதிகம்.